நான் பூசின சுவர் நிற்கிறது, பல்லில் வைத்த சிமெண்ட் நிற்கவில்லையே?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 54 வயது. சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். 26 வருடமாக பெங்களூரு எஜிபுராவில் இருக்கிறேன், கட்டட மேஸ்திரி. சின்ன வயதிலிருந்தே பல்லில் பழுப்புக் கறை உண்டு. இப்போது மேல்வரிசையில் இடதுபக்கம் மூன்று பற்கள் ஈறு ஓரத்தில் கோடாரியால் வெட்டின மாதிரி பள்ளமாகிவிட்டன. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது. மூன்று வருடம் முன்பு பல் நிறத்திலேயே சிமெண்ட் வைத்து, லைட் அடித்து அடைத்தார்கள். எட்டு மாதத்தில் ஒன்று விழுந்தது, வருடம் திரும்புவதற்குள் இன்னொன்று. வேறு டாக்டரிடம் போய் மறுபடி போட்டேன். அதில் ஒன்று போன மாதம் களி சாப்பிடும்போது கையோடு வந்துவிட்டது. கல்லைக் கடித்தேன் என்றாலும் பரவாயில்லை, களி! துண்டைப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன். கடையில் விற்கும் உடனே ஒட்டும் பசையை ஒரு சொட்டு விட்டு நாமே ஒட்டிவிடலாமே என்கிறான் மகன். நான் பூசின சுவரெல்லாம் இருபது வருடமாக நிற்கிறது. கடுகளவு பள்ளத்தில் ஒட்டினது ஏன் நிற்கவில்லை? மருந்து மட்டமா, கை மட்டமா? நல்ல பசை என்றால் எத்தனை வருடம் தாங்கும்?
(பெயர் வேண்டாம், எஜிபுரா, பெங்களூரு)

பதில்: வணக்கம் மேஸ்திரி அண்ணா.

முதலில் அந்தப் பசை. வேண்டவே வேண்டாம். மகனிடமிருந்து டியூபை வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். ஈரத்தைக் கண்டதுமே இறுகும் பசை அது. இறுகும்போது சுடும். ஈறு, உதடு, விரல் எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும். துண்டு ஒரு நூல் தள்ளி உட்கார்ந்தாலும் அப்படியே நின்றுவிடும், அப்புறம் அதன் அடியில் அழுக்கு சேர்ந்து சொத்தை பிடிக்கும். ஆனாலும் உங்கள் மகனைத் திட்ட மாட்டேன். பல் மருத்துவர்களே ஒரு காலத்தில் இதைச் செய்து பார்த்தவர்கள்தான். கடைவாய்ப்பல்லின் மேலே இருக்கும் இடுக்குகளை மூடிவிட்டால் சொத்தை வராதே என்று 1967-ல் அமெரிக்காவில் க்யூட்டோ, பூனோகோர் என்ற இருவர் சோதித்துப் பார்த்தபோது எடுத்துக்கொண்டது அதே குடும்பத்துப் பசைதான், சயனோஅக்ரிலேட். வாய்க்குள் இருக்கிற ஈரத்தில் அது நாளாக நாளாகச் சிதைந்தது. அதனால் அதை விட்டுவிட்டு வேறு பிசினுக்குப் போனார்கள்.

ஈரம் என்றேன் பாருங்கள், உங்கள் களிக்கதைக்கும் பதில் அதில்தான் இருக்கிறது. களி உங்கள் சிமெண்டைப் பெயர்க்கவில்லை. அதற்குப் பல மாதம் முன்பே ஈரம் அடியில் புகுந்து பிடிப்பைத் தின்று முடித்திருக்கும். களி வந்து தொட்டது, அவ்வளவுதான். ஓதம் ஏறின சுவரில் பூச்சு எப்படி விழும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், தட்டிப் பார்த்தால் பொத்து சத்தம் கேட்கும், ஒரு நாள் யாரோ ஆணி அடித்தால் பலகை மாதிரி வந்துவிடும்.

சுவரோடு ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள், அதே வழியில் போகிறேன். வழவழப்பான கான்கிரீட் பில்லரில் நேராகப் பூசினால் பூச்சு நிற்காது. உளி வைத்துக் கொத்திவிட்டு, கழுவி, சிமெண்ட் பால் அடித்து, அதற்குப் பிறகுதானே பூசுவீர்கள்? பல்லுக்கும் அதே முறைதான். இதைக் கண்டுபிடித்தவர் மேலே சொன்ன பூனோகோர். இரும்புத் தகட்டில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்க, தொழிற்சாலைகளில் முதலில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பல்லில் செய்தால் என்ன என்று யோசித்தார். 1955-ல் 85 சதவீத அமிலத்தை 30 விநாடி பல்லின் வெளி ஓடான எனாமலில் வைத்துக் கழுவிவிட்டு, அதன்மேல் அக்ரிலிக் வைத்துக் காட்டினார். அமிலம் வைக்காத பல்லில் வைத்ததைவிடப் பல மடங்கு காலம் அது நின்றது. இன்று நாங்கள் சிரிஞ்சில் வைக்கிற ஜெல் பெரும்பாலும் 37 சதவீதம். அமிலம் கொத்திவிட்ட எனாமலைக் கழுவிக் காயவைத்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மங்கிய வெள்ளையாகத் தெரியும். அந்த நுண்ணிய குழிகளுக்குள் பசை இறங்கி, நீல வெளிச்சம் பட்டதும் இறுகிப் பூட்டிக்கொள்ளும். உங்கள் ஊரில் க்யூரிங் என்றால் தண்ணீர் ஊற்றுவது. எங்கள் ஊரில் க்யூரிங் என்றால் லைட் அடிப்பது, ஒரு துளி தண்ணீர் பட்டாலும் வேலை கெட்டது.

எனாமல் எடையில் சுமார் 96 சதவீதம் தாது. காய்ந்த கருங்கல் மாதிரி. அதில் ஒட்டினது பல வருடம் நிற்கும், அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. தகராறு அதற்கு உள்ளே இருக்கும் டென்டினில். அதில் தாது 70 சதவீதம்தான். 20 சதவீதம் கொல்லாஜன் என்ற புரத நாரும் அதைச் சேர்ந்தவையும். மீதி 10 சதவீதம் தண்ணீர். போதாததற்கு, ஒரு சதுர மில்லிமீட்டரில் 20,000 முதல் 45,000 வரை நுண்குழாய்கள். நரம்பு இருக்கும் அறையிலிருந்து இந்தக் குழாய்கள் வழியாக நீர் எப்போதும் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். பல் உயிரோடு இருக்கிறவரை அது நிற்காது. உங்களுக்குச் சுரீர் என்பதும் இந்தக் குழாய்களில் இருக்கிற நீர் குளிர்ச்சி பட்டு அசைவதால்தான். ஆக, பின்னால் குழாய் உடைந்து கசிகிற சுவரில், கசிவை நிறுத்தாமலேயே பூச்சு வேலை செய்யச் சொல்கிறார்கள் எங்களை.

அப்படியிருந்தும் எப்படி ஒட்டுகிறது? இங்கேயும் உங்கள் தொழிலே உதவும். அமிலம் டென்டினில் மேலாக இருக்கும் தாதுவைக் கரைத்துவிடும், நார் மட்டும் நிற்கும். கான்கிரீட்டை உடைத்தெடுத்த பிறகு கம்பிக்கூடு மட்டும் நிற்கிற பில்லர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பிகளுக்கு இடையில் பசை இறங்கி இறுகவேண்டும். நாரும் பசையும் பின்னிக்கொண்ட இந்த அடுக்கை 1982-ல் ஜப்பானின் நகபயாஷி விளக்கிக் காட்டினார். அதற்குக் கலப்பு அடுக்கு என்று பெயர். தடிமன் எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை இருநூறாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கு, பல பசைகளில் அதைவிடவும் குறைவு. உங்கள் அடைப்பு முழுவதும் தொங்கிக்கொண்டிருப்பது அதில்தான்.

இதில் பதம் தவறுவது மிகச் சுலபம். கழுவின பிறகு காற்றடித்து அதிகம் காயவைத்தால் நார்க்கூடு படுத்துவிடும், பசை உள்ளே போக வழியிருக்காது. தண்ணீர் தேங்கினால் பசை நீர்த்துப்போகும். வாசல் தெளித்துக் கோலம் போடுகிற பதம் மாதிரி நடுவில் ஒரு ஈரம் இருக்கவேண்டும், அதைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கவேண்டும். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அடியில் சில இடங்களில் பசை எட்டாத நார் மிச்சம் இருக்கும். சென்ட்ரிங் பிரித்த பிறகு, கலவை இறங்காமல் ஓட்டை ஓட்டையாகக் கம்பி தெரிகிற பில்லரைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் கம்பி துருப்பிடிக்கும். பல்லில் துருவுக்குப் பதிலாக நொதிகள். நம் டென்டின் உருவாகும்போதே அதற்குள் சில நொதிகள் பூட்டப்பட்டிருக்கின்றன. அமிலம் பட்டால் அவை விழித்துக்கொண்டு, பசை மூடாத நாரை மெல்ல அறுக்கத் தொடங்கும். கிருமியே இல்லாத திரவத்தில் வைத்தாலும் அமிலம் பட்ட நார் மாதக்கணக்கில் சிதைவதை 2004-ல் ஆய்வகத்தில் காட்டினார்கள். அதாவது திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். நொதியை அடக்க குளோர்ஹெக்சிடின் தடவிவிட்டு ஒட்டலாம் என்று ஒரு யோசனை பல வருடம் ஓடியது. ஆய்வகத்தில் நல்ல பலன். ஆள்களின் வாயில் போட்டுப் பார்த்தபோது சொல்லிக்கொள்கிற வித்தியாசம் தெரியவில்லை. நானும் கொஞ்ச நாள் தடவிக்கொண்டிருந்தேன், இப்போது விட்டுவிட்டேன்.

இன்னொரு பக்கம் பசையே தண்ணீர் குடிக்கும். ஈரமான டென்டினுக்குள் இறங்கவேண்டும் என்பதற்காக அதில் தண்ணீரோடு உறவாடும் பொருள்களைச் சேர்க்கிறார்கள். இறங்குவதற்கு உதவுகிற அதே குணம், இறுகின பிறகு தண்ணீரை உறிஞ்சவும் வைக்கிறது. உறிஞ்சின தண்ணீர் பசையின் இணைப்புகளை ஒவ்வொன்றாக வெட்டும். எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் கலந்து வருகிற பசைகளில் இந்தத் தொல்லை அதிகம். அமிலம், பிசின், தண்ணீர், கரைப்பான் எல்லாம் ஒன்றாக இருப்பதால் இறுகின பிறகும் அது மெல்லிய சல்லடை மாதிரி நீரை விட்டுக்கொண்டே இருக்கும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றவள். அல்சூரில் கிளினிக் தொடங்கின சில வருடத்தில், 2006 என்று நினைவு, ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து ஒரே பாட்டில், ஒரே பூச்சு, முப்பது விநாடியில் வேலை முடிந்தது என்று ஒரு பசையை விற்றுவிட்டுப் போனார். எனக்கும் சந்தோஷம். மூன்று பாட்டில், நாலு படி என்று மெனக்கெட வேண்டாமே. ஒரு வருடம் பார்க்கிறவர்களுக்கெல்லாம் அதையே போட்டேன். அடுத்த வருடத்திலிருந்து ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அல்சூர் மார்க்கெட்டில் பூ விற்கிற அக்கா ஒருத்தி, "உங்க சிமெண்ட்டு ரசத்தோட உள்ள போயிடுச்சு டாக்டரம்மா, ஒண்ணும் ஆகாதில்ல?" என்று கேட்டாள். ஒன்றும் ஆகாது என்று சொல்லி, காசு வாங்காமல் திரும்பப் போட்டேன். அப்படி எத்தனை பேருக்கு இலவசமாகப் போட்டேன் என்று கணக்கு வைக்கவில்லை, வைத்திருந்தால் தூக்கம் போயிருக்கும். பழி முழுவதும் பாட்டில்மேல் போட மாட்டேன். மூடியைத் திறந்தபடி வைத்துவிட்டு நோயாளியோடு பேசிக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் கரைப்பான் ஆவியாகிப் பசை கெட்டுப்போகும். லைட்டின் பேட்டரி பழசாகி வெளிச்சம் பாதியாகக் குறைந்திருந்தது கூட எனக்குத் தெரியாது. கண்ணுக்கு நீலம் நீலமாகத்தான் தெரியும். அளக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது, அதற்குப் பிறகுதான் வாங்கினேன்.

எனவே மருந்து மட்டமா, கை மட்டமா என்ற உங்கள் கேள்விக்கு, இரண்டில் ஒன்றைக் கைகாட்ட என்னால் முடியவில்லை. உங்கள் வாயைப் பார்க்காமல் அந்த இரண்டு டாக்டர்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை. மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறார், அது உங்கள் பல். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒட்டுவதற்கு இதைவிடக் கடினமான இடத்தை நான் தேடிப்போனாலும் கிடைக்காது.

பென்னாகரம் பக்கம் என்று எழுதியதைப் படித்ததும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல்தான் வந்தது, உங்கள் எனாமல் உருவானது அதற்கு நாற்பது வருடம் முன்பு, எட்டு வயதுக்குள். அந்தப் பழுப்புக் கறை அதன் அடையாளம். கறை பட்ட எனாமலின் மேல்தோல் அமிலத்துக்கு அவ்வளவு சுலபமாக மசியாது. மற்றவர்களுக்கு வைக்கிற அதே நேரம் வைத்தால் அரைகுறையாகத்தான் கொத்தும். கூடுதல் நேரம் வைக்கவேண்டும், அல்லது மேலாகக் கொஞ்சம் உரசிவிட்டு வைக்கவேண்டும். நடுவில் ஒன்று: உங்கள் ஊர்க்காரர்கள் பலர் இந்தப் பயத்திலேயே ஃப்ளோரைடு பேஸ்ட்டைத் தொடமாட்டேன் என்கிறார்கள். முளைத்து முடிந்த பல்லுக்குப் பேஸ்ட்டால் கறை வராது. துப்பிவிடுகிற பெரியவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

அடுத்து அந்தப் பள்ளம். கண்ணாடியில் பாருங்கள், உள்ளே மஞ்சளாகப் பளபளவென்று இருக்கும். வருடக்கணக்கில் தேய்ந்த டென்டின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நுண்குழாய்களுக்குள் தாதுவை அடைத்து, மேலே கெட்டியான ஒரு தோலைப் போட்டுக்கொள்ளும். கசிவு குறைவது நல்லதுதான், ஆனால் ரெட் ஆக்சைடு போட்டு இழைத்த பழைய தரையில் பூச முடியுமா? பசைக்கு உள்ளே போக வழி கிடைக்காது. உங்களுக்கு இன்னும் கூசுகிறது என்றால் சில இடத்தில் குழாய் திறந்தும் இருக்கிறது. ஒரே பள்ளத்தில் இரண்டு வகைத் தரை.

மூன்றாவது, ஈறு ஓரம். பள்ளத்தின் ஒரு விளிம்பில்தான் எனாமல் இருக்கும். ஈறு பக்கத்து விளிம்பில் டென்டின்தான். ஈறு வீங்கியிருந்தால் தொட்டாலே ரத்தம் வரும், வராவிட்டாலும் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலிருந்து நீர் கசியும். பசை போடுகிற அந்த ஒரு நிமிடத்தில் ஒரு துளி எச்சில் ஏறினால் கூட அந்த விளிம்பு கைவிட்டுப்போனது.

இந்தப் பள்ளத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. சொத்தைக்காகத் தோண்டின குழி பெட்டி மாதிரி இருக்கும், சிமெண்ட் சுவர்களைப் பிடித்து நிற்கும். உங்களுடையது தட்டு மாதிரி விரிந்த பள்ளம், பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது, பசை மட்டும்தான் தாங்கவேண்டும். அதனால்தான் உலகத்தில் எங்கே புதுப் பசை வந்தாலும் ஆராய்ச்சியாளர்கள் முதலில் உங்களைப் போன்றவர்களின் இந்தப் பள்ளத்தைத் தேடுவார்கள். ஆய்வகத்தில் 5 டிகிரித் தண்ணீரிலும் 55 டிகிரித் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கி, சூடான காபிக்குப் பிறகு ஐஸ் தண்ணீர் குடிக்கிற கதையைப் பத்தாயிரம் தடவை நடத்திப் பார்ப்பார்கள். அது ஏறக்குறைய ஒரு வருடத்துக்குச் சமம் என்பது கணக்கு. ஆனால் எனக்கு நம்பிக்கை வாயில் வைத்துப் பார்த்த கணக்கில்தான். பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இப்படிப்பட்ட பள்ளங்களில் நடந்த சோதனைகளைத் திரட்டி 2005-ல் ஒரு தொகுப்பு போட்டார்கள். ஒரே பாட்டில் ஒரே படிப் பசைகளில் வருடத்துக்குச் சராசரியாக நூற்றுக்கு 8 விழுந்தன. பழைய மூன்று படிப் பசைகளிலும், இரண்டு பாட்டிலில் வருகிற, அமிலம் மென்மையான வகையிலும் 5-க்குள். கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்டில் 2. அதே பல்கலைக்கழகம் இரண்டு பாட்டில் பசை ஒன்றை 13 வருடம் பின்தொடர்ந்து பார்த்தது, பெரும்பாலான அடைப்புகள் அப்போதும் பல்லில் இருந்தன. அந்தப் பசையில் ஜப்பானில் 1980-களில் உருவாக்கின ஒரு மூலக்கூறு இருக்கிறது, பத்து எம்.டி.பி. என்பார்கள். பல்லில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்து, தண்ணீரில் எளிதில் கரையாத உப்பாக மாறிக்கொள்ளும். இப்போது வருகிற புதிய ஒரே பாட்டில் பசைகள் பலவற்றிலும் அதைச் சேர்க்கிறார்கள், 2006-ல் நான் ஏமாந்த பாட்டில் காலம் அல்ல இது.

எத்தனை வருடம் என்று ஒரு எண் கேட்டீர்கள். ஐந்து வருட கேரண்டி என்று யாராவது அட்டை கொடுத்தால் நான் சிரிப்பேன். நல்ல எனாமல் விளிம்பு இருக்கிற பல்லில் பத்து வருடம் தாண்டினதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மூன்று பற்களில், நிதானமாகச் செய்தால் ஐந்தாறு வருடம் வரும் என்று எதிர்பார்ப்பேன். அதற்கு முன்பே ஒன்று விழுந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். எட்டு மாதத்தில் விழுந்தால் மட்டும் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது.

நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். முதலில் ஈறைச் சுத்தம் செய்து ஒரு வாரமாவது ஆறவிடுவேன், ரத்தம் வருகிற ஈறு ஓரத்தில் கை வைக்கவே மாட்டேன். சிரித்தால் தெரியாத பின்பக்கத்து இரண்டு பற்களுக்கும் கிளாஸ் அயனோமர் வகையில் பிசின் கலந்ததை வைப்பேன். லண்டனில் வில்சனும் கென்டும் 1970-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த சிமெண்டின் வாரிசு அது. பல்லின் கால்சியத்தோடு தானாகவே பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் ஈரத்தையும் பொறுத்துக்கொள்ளும். பளபளப்பு குறைவு, நாளானால் கொஞ்சம் தேயும், ஆனால் விழுவது குறைவு. எங்கள் ஊர்ப் பெரிய கிளினிக்குகளில் இதை ஏழைகளின் சிமெண்ட் மாதிரி பார்க்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்னால் தெரிகிற ஒரு பல்லுக்கு மட்டும் காம்போசிட், அதாவது லைட் அடித்து இறுக்குகிற பல் நிறப் பிசின் அடைப்பு. அதற்குப் பளபளப்பான தோலை பர் என்கிற சின்னச் சுழல்முனையை வைத்து லேசாக உரசி, எனாமல் விளிம்பைச் சாய்த்து, அங்கே மட்டும் அமிலத்தைக் கூடுதல் நேரம் வைத்து, பிறகு இரண்டு பாட்டில் பசை. ஈறு ஓரத்தில் மெல்லிய நூல் வைத்து ஒதுக்கிவிட்டுச் செய்யவேண்டும். நீங்கள் போகிற டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: நூல் வைப்பீர்களா, பளபளப்பை உரசுவீர்களா, பசை ஒரு பாட்டிலா இரண்டா. கேட்டால் கோபப்படுகிறவர் என்றால் வேறு இடம் பாருங்கள். பத்து நிமிடத்தில் மூன்று பல்லையும் முடித்து அனுப்பினாலும் வேறு இடம் பாருங்கள். செலவு இடித்தால், கோட்டைப் பக்கம் விக்டோரியா ஆஸ்பத்திரியை ஒட்டி அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாணவர்கள் மெதுவாகத்தான் செய்வார்கள், இந்த வேலைக்கு மெதுவே நல்லது.

கூச்சத்துக்குக் கிராம்பு எண்ணெய் வைக்கிற பழக்கம் இருந்தால் சில நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். அதில் இருக்கும் யூஜினால் பிசினை இறுகவிடாது. எங்கள் தற்காலிக சிமெண்டுகள் சிலவற்றிலும் அதே பொருள் உண்டு. நல்ல வாசனை, பசைக்கு எதிரி.

அப்புறம், பள்ளம் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. வலதுகைக்காரர்களுக்கு இடதுபக்கம்தான் அதிகம் தேயும், பிரஷ் அங்கேதான் அழுத்தமாக விழுகிறது. மணியாஸ் கட்டை பிடித்துத் தேய்த்துப் பழகின கை, பல்லிலும் அதே பலத்தோடு குறுக்கே இழைத்திருக்கும். சின்ன வயதில் அடுப்புக்கரி, செங்கல் பொடி, இப்போது பல்பொடி என்றால் சேர்ந்து வேலை செய்திருக்கும். மிருதுவான பிரஷ் வாங்கி, உள்ளங்கையில் பிடிக்காமல் பேனா பிடிக்கிற மாதிரி மூன்று விரலில் பிடியுங்கள், பலம் தானாகக் குறையும். எலுமிச்சை சோடா குடித்த உடனே தேய்க்கவேண்டாம், அரை மணி போகட்டும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்களா என்று அண்ணியிடம் கேட்டுப் பாருங்கள், அந்த அழுத்தமும் ஈறு ஓரத்து அடைப்பைக் கிளப்பிவிடலாம். இதை மாற்றாமல் எந்தப் பசை போட்டாலும், சிமெண்டுக்கு மேலே இருக்கிற பல் தேய்ந்துகொண்டே போகும்.

அடைப்பு விழுந்த பல்லில் வலி எதுவும் இல்லை, குளிர்ச்சிக்கு மட்டும் கூச்சம் என்றால் இன்றே ஓடவேண்டிய அவசரமில்லை. கூச்சத்துக்கான பேஸ்ட்டை விரலால் அந்த இடத்தில் தடவிவிட்டு, வேலை ஓய்ந்த ஒரு நாள் போங்கள். சூடு பட்டு வலி நின்றுநின்று தெறித்தாலோ, ராத்திரி தானாக வலித்தாலோ மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அது நரம்பு விஷயம்.

போகும்போது அந்தப் பொட்டலத்தையும் எடுத்துப் போங்கள். திரும்ப ஒட்டுவதற்காக இல்லை. துண்டின் உள்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் எங்கே பிடி விட்டது என்று தெரியும். உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால், பளபளப்பான டென்டினை உரசாமலே ஒட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஒரு ஓரத்தில் மட்டும் பழுப்பாகக் கறை ஏறியிருந்தால், அந்த ஓரத்தில்தான் முதலில் ஈரம் புகுந்தது, அநேகமாக ஈறு பக்கமாக இருக்கும். பாதி துண்டு கையிலும் பாதி பல்லிலும் இருந்தால் பசை பிடித்துத்தான் இருக்கிறது, சிமெண்ட்தான் உடைந்தது. பார்த்துவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.